இருளாயி, 41, வலது சுட்டுவிரல்

குழாயில் ஒட்டிய சீட்டில் அவ்வளவுதான் இடம்.
பாம்பன் சின்னப்பாலம் என்பதை
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.

பாசி எடுக்க முங்கிய இடத்தில்
பாறை இடுக்கு கிழித்துவிட்டதாம்.
விரலில் துணி சுற்றித்தான் இருந்தாளாம், எல்லோரையும் போல.
எட்டு நாளாய் மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை.
விரல் இப்போது ஒரு பிஞ்சுக் கத்தரிக்காய்.

துணியை அவிழ்த்ததும்
அழுகிய திராட்சையின் இனித்த வாடை.
எனக்குத் தெரிந்துவிட்டது.
மூக்குக்குத் தெரிந்ததை அறிக்கையில் எழுத முடியாது.
பஞ்சுக்குச்சியை உருட்டிச் சீழ் எடுத்தேன்.
பல்லைக் கடித்தபடி
சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அமாவாசைக்கு நாலு நாள்.

“எப்பம்மா கைய தண்ணியில வைக்கலாம்?”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.
நாளை என்பது எனக்கு
முப்பத்தேழு டிகிரியில் பதினெட்டு மணி நேரம்.
அவளுக்கு ஒரு நாள் பாசி.

எங்களுக்கு ஒதுக்கிய புற ஊதா விளக்கு
இரண்டு வருடமாய்
ராமநாதபுரத்தில் ஏதோ கோப்புக்குள் எரிந்துகொண்டிருக்கிறது.
மண்டபம் கருவாட்டு மண்டியில்
சேகு ஜலாலுதீனிடம் ஒன்று உண்டு,
கள்ளநோட்டு பார்ப்பதற்கு.
மதியம் கடை சாத்தும்போது கொடுத்தனுப்புவார்,
வயரில் செதில் ஒட்டியிருக்கும்.

ஜன்னல் முழுக்கப் பழைய எக்ஸ்ரே படங்கள், மூன்றடுக்காய்.
யார் யாருடைய விலாக்களோ
வெயிலைத் தடுத்து நிற்கின்றன.

விளக்கைப் போட்டதும்
முதலில் ஒளிர்ந்தது என் கோட்டு.
சோப்புத்தூளின் வெண்ணீலம்.
கழற்றி வெளியே மாட்டிவிட்டு வந்தேன்.

பிறகு தட்டு.
பச்சை.
கணவாய்க்கு இறக்கும் விளக்கு
ஆழத்தில் கசிவதுபோல
ஒரு மஞ்சள் பச்சை.
என் கண்ணுக்கு எட்டாத வெளிச்சத்தைக் குடித்து
எட்டுகிற வெளிச்சமாய்த் துப்புகிற உயிர்கள்.
மாத்திரைக்கு எட்டு நாள் ஒளிந்திருந்தவை
கள்ளநோட்டு விளக்குக்கு ஒளியத் தெரியாமல்.

எந்த மருந்துக்குச் சாகும் என்பது அடுத்த கேள்வி.
உப்புநீரில் கரைத்து
கறுப்புக் கோடு போட்ட அட்டைமுன் குழாயைப் பிடித்தேன்.
கோடு அரைகுறையாய் மங்க வேண்டும்,
கச்சான் தொடங்கிய முதல் நாள் தண்ணீர்போல.
அதற்கு மேல் கலங்கினால் சோதனை பொய்.

அவளுக்குப் போன் போட்டேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே.
தீவுப் பக்கம் இருப்பாள் என்று புரிந்தது.
திட்டலாமென்று வைத்திருந்த வார்த்தைகளோடு
ஒரு நாள் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் வந்தாள், முடி ஈரமாய்.
விரலில் புதுத்துணி, அதன்மேல் பால் கவர், ரப்பர் பேண்டு.
“எடது கையாலதாம்மா எடுத்தேன். பாதிகூட தேறல.”
வைத்திருந்த வார்த்தைகள் எங்கே போயின தெரியவில்லை.

பார்க்கிறாயா என்றேன்.
இருட்டில் தட்டின் மேல் வெகுநேரம் குனிந்திருந்தாள்.
“ராத்திரி துடுப்பு போட்டா
கடல்ல இந்த மாதிரிதான் எரியும்.”
அது வேறு, தானாக எரிவது,
இது நாம் வெளிச்சம் காட்டினால்தான், என்றேன்.
“அதுவும் தொட்டாத்தானம்மா எரியும்.”

பதிலுக்கு எதுவும் வரவில்லை.
அதற்குள் கவரைக் கழற்றி
விரலை விளக்கடியில் நீட்டிவிட்டாள்.
துணி முழுக்க நீலமாய்ப் பளீரென்றது.
“ஆத்தீ, இம்புட்டுமா?”
சோப்பு, என்றேன். வெறும் சோப்பு.
அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.
பல் எல்லாம் நீலம்.

அமிக்காசின் கேட்கும். சிப்ரோவும் கேட்கும்.
முன்பு தின்றது கேட்காது.
டாக்டருக்குப் போகும் தாளில்
அவள் கேள்விக்குக் கட்டம் இல்லை.
டாக்டரைக் கேட்டுவந்து
தாளின் பின்பக்கம் பேனாவால் எழுதினேன்:
பௌர்ணமி வரை தண்ணீர் வேண்டாம்.
வாசித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.
விரல்விட்டு எண்ணினாள்,
சுட்டுவிரலை மட்டும் விட்டுவிட்டு.

வயரைச் சுற்றி விளக்கைத் துடைத்து வைத்தேன்.
நாலு மணிக்கு மண்டி திறந்துவிடும்.